ஜன்னலுக்கு வெளியே மெக்கானிக்

என் நாத்தனார் தோகாசேயின் லேப்டாப்புக்கு நோய் வந்தது. எங்கள் தீவில், பாங்காய் ஊரிலேயே அதற்கு வைத்தியம் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன், அதாவது என் புருஷன் பெனிசிமானி. இரண்டு பேரும் ஒரே வளாகத்தில்தான் இருக்கிறார்கள். அவள் வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு கறிப்பலா மரம், அவ்வளவுதான் தூரம். பிறகென்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். எங்கள் வழக்கப்படி அண்ணன் தங்கையின் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. அவள் பார்க்கிற படத்தை அவளோடு சேர்ந்து பார்க்கவும் கூடாது. ஆகவே வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஓட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

என் பெயர் வைமோ, வவாவு தீவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் ஊரிலும் இதே மரியாதைதான், குறை சொல்லவில்லை. என் சொந்த அண்ணனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நானும் சினிமா பார்த்தது கிடையாது. இப்போதெல்லாம் பல வீடுகளில் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. ஆனால் நான் வந்து சேர்ந்த வீட்டில் அது தளரவில்லை, வருடத்துக்கு வருடம் இறுகிக்கொண்டே போனது. தோகாசே என்னைவிடச் சின்னவள். இருந்தாலும் என் பிள்ளைகளுக்கு அத்தை. அத்தை என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மேலே. கல்யாணமோ சாவோ, அவள் உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் உட்கார முடியும். அதனால் அவள் கூப்பிட்டால் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடத்தான் வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே ஓடுவேன். முணுமுணுக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

அவள் பள்ளிக்கூட டீச்சர். மூன்று வருடமாக, பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கார்ட்டூன் படம் செய்துகொண்டிருந்தாள். எங்கள் பாஷையில், எங்கள் துறைமுகமும் எங்கள் பன்றிகளும் வருகிற படம். மீன்பிடிப் படகில் வேலை செய்கிற ஒரு பையன், ரொட்டி சுடுகிற ஒரு பெண். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்ல நினைத்ததைச் சொல்ல விடாமல் ஒரு பன்றி குறுக்கே வந்துகொண்டே இருக்கும். நான் பார்த்த துண்டுகளிலேயே வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். தலைநகரத்திலிருந்து ஒரு குழு தீவு தீவாக வந்து உள்ளூர்க்காரர்கள் செய்த படங்களைப் பார்க்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பிடித்திருந்தால், செய்தவரை ஒரு வருடம் ஆக்லாந்துக்கு அனுப்பி இந்த வேலையையே படிக்க வைப்பார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேலே போனால் எடுக்கமாட்டார்கள். தோகாசேக்கு முப்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை விட்டால் மறு தடவை கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் லேப்டாப் படுத்தது.

"அண்ணி, ஸ்கிரீன்ல கோடு விழுது. அப்புறம் அப்படியே உறைஞ்சு போயிடுது," என்று வந்து நின்றாள். அவள் அழுகிற ரகம் இல்லை. அன்று மூக்கு சிவந்திருந்தது.

புருஷனிடம் போய்ச் சொன்னேன். தன் ரிப்பேர் கடையை மூடிவிட்டு வந்தார். வேலி வாசலில் நின்று வழக்கம்போல இருமினார். தங்கை வீட்டுப் பக்கம் வருகிற எந்த அண்ணனும் முன்கூட்டியே இருமித் தன் வரவைச் சொல்லுவது வழக்கம். இவர் இருமினால் மூன்று வீடு தள்ளி நாய் எழுந்து உட்காரும். அதற்குப் பிறகு அவள் ஜன்னலுக்கு வெளியே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தார். நான் ஜன்னல் ஓரம் உள்ளே நின்றேன்.

"கோடு குறுக்கவா, நெடுக்கவான்னு கேளு," என்றார்.

"நெடுக்க, அண்ணி. பச்சையா வருது. சில சமயம் கட்டம் கட்டமா ரோஸ் கலர்ல," என்றாள் அவள் உள்ளேயிருந்து.

"நெடுக்கவாம், பச்சையாம்," என்றேன்.

"கேட்டுது. ஆன் பண்ணினதும் வருதா, வேலை பண்ணப் பண்ண வருதா?"

"முதல்ல வேலை பண்ணப் பண்ணத்தான் வந்துச்சு அண்ணி. இப்போ ஆன் பண்ணி, கம்பெனிப் படம் காட்டுமே, அப்பவே வந்துடுது."

"ஏங்க, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நடுவுல நான் எதுக்கு ஸ்பீக்கர் பெட்டி மாதிரி?"

"நீ நடுவுல இல்லாட்டி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்ட மாதிரி ஆயிடுமே," என்றார் அவர், ரொம்ப நியாயமான குரலில்.

அடுப்பில் தேங்காய்ப்பாலில் மீன் இருந்தது. அது தீய்ந்துகொண்டிருந்த வாசனையும் எனக்கு வந்துகொண்டிருந்தது.

முதலில் ஸ்கிரீன்தான் கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் அப்படி அவசரப்படவில்லை. எங்கள் வீட்டு டிவியைத் தூக்கிவந்து லேப்டாப்போடு வயர் போட்டு இணைக்கச் சொன்னார். டிவியிலும் அதே பச்சைக் கோடுகள். "அப்போ ஸ்கிரீன் இல்லை, வயரும் இல்லை. உள்ளே படத்தை உண்டாக்கற சிப்புதான்," என்றார். ஆன் பண்ணியவுடனேயே கோடு வருவதால் புரோகிராம் கோளாறாகவும் இருக்காதாம். இருந்தாலும் ஒரு நப்பாசைக்கு, அந்த சிப்பை ஓட்டுகிற புரோகிராமை அழித்துப் பழைய ஒன்றைப் போடச் சொன்னார். அவர் வெளியே இருந்து சொல்ல, நான் சொல்ல, அவள் அழுத்த, ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. மறுநாளும் கோடு வந்தது.

பிறகு லேப்டாப்பை அணைத்து, துணியில் சுற்றி, கடைக்கு எடுத்துப்போனேன். அணைத்திருந்தால் பார்ப்பதில் தப்பில்லை. அவர் அடிமூடியைக் கழற்றினார். ஃபேன் இருக்கிற இடத்தில் ஃபேனைக் காணோம். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கம்பளிப் பஞ்சு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பாய்களுக்கு ஓரத்தில் கம்பளி நூலால் குஞ்சம் வைப்போம். அந்த நூலின் பிசிறுதான் அத்தனையும். இடுக்கியால் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. சிப்பைச் சுற்றிப் போர்டு சூட்டில் லேசாகப் பழுப்பேறியிருந்தது.

"இவ லேப்டாப்பை எங்க வச்சு வேலை பண்றா? தரையில பாய் மேலயா?"

போய்க் கேட்டுவந்தேன். "மேசை மேலதானாம்."

"மேசைக்கு ஏது குஞ்சம்?" என்று அவர் தலையைச் சொறிந்தார். ஆனால் தங்கை சொன்னால் சொன்னதுதான். மேற்கொண்டு கேட்கமாட்டார். சுத்தம் செய்து, சிப்புக்கு மேலே புதுப் பசை தடவி மூடிக் கொடுத்தார். ஆன் செய்து சரிபார்க்கும்போது ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மூடியின் பின்பக்கம் அவர் உட்கார்ந்துகொண்டார். கோடு இல்லை என்று நான் சொன்னதும் மூடியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடியும் பச்சை.

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருடமாக ரேடியோ, ஜெனரேட்டர், போன், போதகரின் காது மிஷின் வரைக்கும் பார்த்தவர். ஊரெல்லாம் பார்க்கிறோம், சொந்தத் தங்கைக்கு முடியவில்லையே என்று குமைந்தார். மெமரியை மாற்றினார். டிஸ்க்கைச் சோதித்தார். சார்ஜரை மாற்றினார். தினமும் சாயங்காலம் வந்து இருமி, வாளி மேல் உட்கார்ந்து, "இன்னைக்கு எப்படி இருக்குதுன்னு கேளு" என்பார். தினமும் அது நேற்றைவிட மோசமாகத்தான் இருந்தது. "அண்ணன் ரொம்ப அலையறார், பாவம். வேண்டாம்னு சொல்லுங்க அண்ணி," என்பாள் அவள். "அலையறதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு சொல்லு," என்பார் அவர். என் அலைச்சலைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் அறையிலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் மேசை மேல் இருந்தது. ஒரு காட்சி உருவாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படமாக, மேலேயிருந்து கீழே, சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி நிரம்பும். தோகாசே கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலிப்பக்கம் இருமல் கேட்டது.

அவள் யோசிக்கவேயில்லை. மூடியைச் சாத்தினாள், தூக்கினாள், கட்டில் மெத்தையின் ஓரத்தை உயர்த்தினாள், மெத்தைக்கு அடியில் அடுக்கியிருந்த பாய்களுக்கு நடுவே அதைச் சொருகினாள், மெத்தையை இறக்கினாள். நான் ஒரு சட்டையை மடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலைமுடியைக் கோதிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கட்டிலில் உட்கார்ந்தும் விட்டாள்.

நான் மெத்தைக்கு அடியில் கையை விட்டேன். சுட்டது. உள்ளே ஃபேன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

"இது அணையலையா?"

"இல்ல அண்ணி. மூடினாலும் ஓடற மாதிரி வச்சிருக்கேன். படம் பாதியில நின்னுடக் கூடாதில்ல."

"எத்தனை நாளா இப்படி ஒளிச்சு வைக்கறே?"

"ஆரம்பத்துலேர்ந்துதான். படம் ஓடிக்கிட்டிருக்கற நேரம் அண்ணன் இருமினா வச்சுடுவேன். அவர் போனதும் எடுத்துடுவேன்."

"அவர்தான் உள்ளே வரவே மாட்டாரே!"

"ஜன்னல் இருக்கே அண்ணி. தப்பித் தவறித் திரும்பிட்டார்னா? அந்தப் பையனும் பொண்ணும் இருக்கற காட்சி அவர் கண்ணுல பட்டா அவருக்குத்தானே சங்கடம்?"

வெளியே அவர் வாளி மேல், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருத்தர் பார்த்துவிடக் கூடாதே என்று கழுத்தைத் திருப்புவதில்லை. இன்னொருத்தி பார்த்துவிடுவாரோ என்று எரிகிற பெட்டியைப் பாயில் புதைக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் லேப்டாப்பை வெளியே இழுத்துப்போட்டுவிட்டு வாசலுக்குப் போனேன்.

"ஏங்க, வீட்டுக்கு வாங்க. காரணம் கிடைச்சாச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அப்போ நான் ஒவ்வொரு தடவை சரிபண்ண வந்தப்பவும்..."

"ஆமா. நீங்க வந்து வந்துதான் அது சாகுது. உங்க ஒரு இருமலுக்கு ஒரு வேக்காடு."

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமா."

அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளை ஒண்ணும் சொல்லிடாதே வைமோ," என்றார். "சொல்றதுக்கு என்ன இருக்கு? உங்க ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுத்தான் நாலு சாத்தணும்," என்றேன். அவர் ஒப்புக்கொள்கிற மாதிரித் தலையாட்டினார்.

அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் படுக்கப் போய்விட்டார். படம் முடிகிற வரைக்கும் வளாகத்துப் பக்கமே வரமாட்டாராம். இருமாமல் வருவது அவரால் ஆகாது, ஆகவே வராமல் இருப்பதுதான் வழி. சாப்பாட்டை நான் கடைக்குக் கொண்டுபோனேன். அப்போது இன்னொரு வைத்தியமும் சொல்லி அனுப்பினார். அந்த லேப்டாப்பில் படத்தை உண்டாக்க இரண்டு வழிகள் உண்டாம். ஒன்று, பெரிய வேலைக்கென்று வைத்த தனி சிப். அதுதான் வெந்துபோனது. இன்னொன்று, மூளையோடு ஒட்டியே இருக்கிற சின்னது. அது நோஞ்சான், ஆனால் நல்ல உடம்பு. ஆன் செய்யும்போது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் வருகிற நீலப் பக்கத்தில் பெரியதை அணைத்துவிட்டால், சின்னது மெதுவாக இழுத்துக்கொண்டு போகும்.

நானும் தோகாசேயும் அப்படியே செய்தோம். கோடு போய்விட்டது. முன்பு ஒரு மூச்சில் நிரம்பிய படம் இப்போது நான் ஒரு சேம்பைத் தோல் சீவி முடிக்கிற வரைக்கும் இழுத்தது. ஆனால் நிற்கவில்லை. அவள் பள்ளிக்குப் போயிருக்கும்போது அதற்குக் காவலாக நான் உட்கார்ந்தேன். அறையில் ஜன்னல் திறந்திருந்தது. யாரும் இருமவில்லை. சனிக்கிழமைக் கப்பலில் குழு வருவதாக இருந்தது. அதற்குள் எல்லாக் காட்சியும் முடிந்து, ஒரே படமாகக் கோர்த்தும் விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

தெற்கே காற்று கிளம்பியிருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். கப்பல் சனிக்கிழமைக்குக் காத்திருக்காதாம். வியாழக்கிழமை மதியம் வந்து, அன்றைக்குச் சாயங்காலமே திரும்புமாம். படம் கப்பல் கிளம்புவதற்கு முன்னால் சர்ச் ஹாலில். காட்சிகளெல்லாம் தயார், ஆனால் துண்டு துண்டாக. ஒன்றாகக் கோர்த்து வேறு கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி ஆக்க அந்த நோஞ்சான் சிப்புக்கு ஒரு நாளுக்கு மேல் வேண்டும். அந்த ஒரு நாள் இல்லை. இனி ஒரே வழி, தோகாசேயின் லேப்டாப்பையே ஹாலுக்குக் கொண்டுபோய், அவள் வேலை செய்கிற புரோகிராமுக்குள்ளிருந்தே ஓட்டிக் காட்டுவது.

வியாழக்கிழமை ஹாலில் கூட்டம் வருவதற்கு முன்பே அவர் போய் புரொஜெக்டரை வைத்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். வெளியே வயர் போடுகிற துளை அந்த வெந்த சிப்போடுதான் சேர்ந்திருக்கிறதாம். அதை எழுப்பாமல் புரொஜெக்டர் இல்லை.

"தாங்குமா?" என்றேன்.

"தெரியலை. எழுப்பிவிட்டுட்டு நான் வெளியே போறேன். அவ வர்ற நேரமாச்சு. மடக்காதே, மூடாதே, அடியில பாட்டுப் புத்தகம் ரெண்டு வச்சு உயர்த்திவை, காத்து போகட்டும்."

ஹால் நிறைந்தது. எல்லோரும் இடுப்புப் பாய் கட்டி, ஞாயிற்றுக்கிழமை மாதிரி வந்திருந்தார்கள். குழுவின் தலைவி ஹெலேனா என்கிற பெரிய உடம்புக்காரி, காற்றுக்கும் அலைக்கும் வாந்தியெடுத்து வெளிறிப்போய் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தோகாசே. ஜன்னல்களைச் சாத்தினார்கள். நான் லேப்டாப் பக்கத்தில். என் புருஷன் வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், எங்கே உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

படம் ஓடியது. பன்றி முதல் தடவை வந்ததும் ஹால் அதிர்ந்தது. ஹெலேனாவின் முகத்தில் நிறம் திரும்பியது. அப்போதுதான் கப்பல் துறையில் பையனும் பெண்ணும் தனியாக உட்கார்ந்து, அவன் கை அவள் கைக்குப் பக்கத்தில் வருகிற இடம் வந்தது. கை பாதி வழியில் நின்றது. பச்சைக் கோடுகள் மேலேயிருந்து இறங்கின. அப்புறம் இருட்டு.

நான் ஓடிப்போய் அவர் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். அவர் சொல்லச் சொல்ல மறுபடி எழுப்பினேன். விட்ட இடத்திலிருந்து கொஞ்சம் ஓடியது, மறுபடி அதே கை, அதே கோடு. மூன்றாவது தடவை அதுவும் இல்லை. குழந்தைகள் கத்த ஆரம்பித்தன. துறைமுகத்தில் கப்பல் ஒரு தடவை ஊதியது. ஹெலேனா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தோகாசேயிடம் குனிந்து, "பரவாயில்லம்மா, பார்த்த வரைக்கும் நல்லாயிருந்தது," என்றாள். முடிந்துபோன விஷயத்துக்குச் சொல்லுகிற ஆறுதல் அது.

"வேகத்தைக் குறைச்சு வச்சு, சூட்டைப் பார்த்துக்கிட்டே பக்கத்துல இருந்து ஓட்டினா ஓடும்," என்றார் அவர் ஜன்னலுக்கு வெளியேயிருந்து. "அது வெளியே இருந்து சொல்லி நடக்கற வேலை இல்லை வைமோ. கை வைக்கணும்."

"அப்போ வந்து வைங்களேன்!"

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஜன்னலையே பெயர்த்திருப்பேன். ஊரே உட்கார்ந்திருக்கிறது, தங்கை உட்கார்ந்திருக்கிறாள், திரையில் அந்தக் கை. அவர் எப்படி வருவார்? வந்தால் அவருக்கு மட்டுமல்ல, அவளுக்கும் தலைகுனிவு. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவ்வளவு கோபம்.

அப்போது தோகாசே எழுந்தாள். பாவாடையை நீவிக்கொண்டாள். முன் வரிசையிலிருந்து, எல்லோர் முன்னாலும் குனிந்து நடந்து, என்னிடம் வந்தாள்.

"அண்ணி, உள்ளே புழுக்கமா இருக்கு. நான் கடல் பக்கம் கொஞ்சம் நடந்துட்டு வரேன். படம் முடிஞ்சதும் ஆள் அனுப்புங்க."

அவள் மூன்று வருடம் கதவைச் சாத்திக்கொண்டு செய்த படம். அதை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று ஒரே ஒரு தடவைதான் பார்க்கக் கிடைக்கும். அந்த ஒரு தடவையையும் விட்டுவிட்டு, பெரிய கதவு வழியாக வெளியே போனாள். அவள் கடற்கரைச் சுவர் வரைக்கும் போகிற நேரம் வரை யாரும் அசையவில்லை. பிறகு பக்கத்துக் கதவில் இருமல் கேட்டது.

அவர் தலையைக் குனிந்துகொண்டே வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். "பெட்டியை மட்டும்தான் பார்ப்பேன்," என்றார், நான் கேட்காமலே. ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து சிப்பின் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினார். படத்தின் தெளிவைக் கொஞ்சம் மங்கலாக்கினார். போதகரின் மேடையிலிருந்த மேசை ஃபேனைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். இடது உள்ளங்கையை லேப்டாப்பின் அடியில் கொடுத்தார். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி, படம் முடிகிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. சூடு ஏறினால் ஒரு கணம் நிறுத்துவார், ஆறினால் விடுவார். யாரும் குறை சொல்லவில்லை. நிறுத்துகிற இடங்களில் குழந்தைகளே அடுத்து என்ன ஆகும் என்று பேசிக்கொண்டன.

பையனின் கை பெண்ணின் கையைத் தொட்டது. பன்றி படகுக்குள் குதித்தது. படம் முடிந்தது. போதகர் உட்பட எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர் எழுந்து, சிவந்துபோன உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு, வந்த கதவு வழியாகவே போய்விட்டார்.

பிள்ளைகள் ஓடிப்போய்த் தோகாசேயைக் கூட்டிவந்தார்கள். ஹெலேனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆக்லாந்து ரொம்பக் குளிரும். இப்பவே கம்பளி எடுத்து வை," என்றாள். அவ்வளவுதான் அறிவிப்பு. அப்புறம் கப்பல் இரண்டாவது தடவை ஊதியது, ஹெலேனா ஓடினாள். பெண்கள் எல்லோரும் தோகாசேயைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், நானும் அழுதேன்.

கூட்டம் கலைந்தபின் நானும் அவளும் மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"அண்ணன் பார்த்தாரா?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"பெட்டியை மட்டும்தான் பார்த்தாராம். அப்படித்தான் சொல்லிக்கிட்டு உட்கார்ந்தார்."

"சரி," என்று அடுத்த நாற்காலியை எடுத்தாள்.

"சும்மா சொன்னார். சிரிச்சார். என் காதால கேட்டேன்."

அவள் கை நின்றது. "எந்த இடத்துல அண்ணி? பன்றி குதிக்கிற இடத்துலயா?"

"அங்கே ஊரே சிரிச்சது, இவர் உம்முனு இருந்தார். அதுக்கு முன்னாடி, கப்பல் துறையில அந்தப் பையன் கை நீட்டறானே, யாரும் மூச்சே விடலை, அங்கே போய் இவர் ஒருத்தர் மட்டும் கெக்கேன்னு சிரிச்சார். போதகர் சம்சாரம் திரும்பி முறைச்சாங்க. எனக்கு மானமே போச்சு."

தோகாசே கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்தாள்.

"பின்னாடி தூரத்துல ஒரு கிழவர் நடந்து போவார். பார்த்திருக்கீங்களா அண்ணி?"

அந்தக் காட்சியை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். கிழவரைப் பார்த்ததில்லை.

"சின்னதாத்தான் தெரிவார். கப்பல் கயிறு சுருட்டி வச்சிருக்கும். யாரோ பெரியவங்க உட்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சு, குனிஞ்சு, மன்னிச்சுக்குங்கன்னு அந்தக் கயிறுகிட்ட சொல்லிட்டுத் தாண்டிப் போவார். அது எங்க அப்பா. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது, கண்ணாடியும் போடமாட்டார். கயிறு, கட்டை, ஆட்டுக்குட்டி, எல்லாத்துக்கும் மரியாதை சொல்லிட்டுத்தான் போவார். நானும் அண்ணனும் வாசல்ல ஒண்ணா உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம். அப்புறம் அண்ணன் வளர்ந்துட்டார். வழக்கப்படி தனி வீட்டுக்குப் படுக்கப் போயிட்டார். அதோட நாங்க ஒண்ணாச் சிரிக்கலை." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் இதைப் பார்க்கவே மாட்டார்னு தெரியும் அண்ணி. இருந்தாலும் அவருக்காகத்தான் வரைஞ்சேன்."

"போய்ச் சொல்லட்டுமா அவர்கிட்டே?"

"வேண்டாம். அவருக்குத் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பி, "எப்படிச் சிரிச்சார்? எனக்கு அவர் சிரிப்பு சின்ன வயசுல கேட்டதுதான் ஞாபகம் இருக்கு," என்றாள்.

நான் அவள் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முணுமுணுக்காமல், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், அவர் சிரித்த மாதிரியே சிரித்துக் காட்டினேன்.